எல்லாக் காசும் 1915

1971 டிசம்பர் 20. சிறிய காசு நான்கு. 560 ஷில்லிங்.
1973 ஏப்ரல் 19. சிறியது ஆறு. 1,380 ஷில்லிங்.
1974 ஆகஸ்ட் 2. பெரியது ஒன்று. 1,480 ஷில்லிங்.
1976 டிசம்பர் 22. சிறியது ஆறு. 1,680 ஷில்லிங்.
1978 ஜூலை 28. பெரியது மூன்று. 4,200 ஷில்லிங்.
1979 டிசம்பர் 21. பெரியது ஒன்று. 3,000 ஷில்லிங்.
வாங்கிய இடம்: வியன்னாவில் ஒரு வங்கி. ஒவ்வொரு காசிலும் அச்சாகியிருக்கும் வருடம்: 1915.

கணக்கு இருக்கட்டும். நான் சொல்ல வந்தது மனிதர்களில் ஒரு ரகத்தைப் பற்றி. அந்த ரகத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் முப்பாட்டன்காரர்.

முப்பாட்டன்காரரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பணக்காரர் வேறு, இவர் வேறு. பணக்காரருக்குப் பொருள் கையில் இருந்தால் போதும். முப்பாட்டன்காரருக்கோ அந்தப் பொருள் அவர் பிறப்பதற்கு முன்பே அவர் வீட்டில் இருந்திருக்க வேண்டும். கடையில் வாங்கினேன் என்று சொல்ல அவருக்கு வாய் கூசும். அவர் வீட்டு நாற்காலி யாரோ ஒரு கர்னல் உட்கார்ந்தது. சுவர்க் கடிகாரம் யாரோ ஒரு பிரபு கடனுக்கு ஈடாக விட்டுப்போனது. காப்பிக்கொட்டை அரைக்கும் கையெந்திரம் துருக்கியர்கள் ஓடும்போது விழுந்தது. ஓடுகிறவன் கையெந்திரத்தை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தான் என்று நீங்கள் கேட்கக் கூடாது. கேட்டால் நீங்கள் நேற்று முளைத்தவர்.

இந்த ரகம் உலகமெங்கும் உண்டு. ஆனால் சாவா ஆற்றங்கரையில், எங்கள் ஸ்லவோனியா கிராமங்களில் விளைவதுபோல் வேறெங்கும் விளையாது. காரணம் காசுமாலை. ஊர்த் திருவிழாவானாலும் கல்யாணமானாலும் எங்கள் பெண்கள் ஆஸ்திரிய மாமன்னர் பிரான்ஸ் யோசப்பின் தலை போட்ட தங்கக் காசுகளை வெல்வெட் பட்டியில் தைத்துக் கழுத்திலிருந்து இடுப்புவரை தொங்கவிட்டுக்கொண்டுதான் தேவாலயத்துக்குப் போவார்கள். வாசலில் இரண்டு பக்கமும் பெரியவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். வெளியூர்க்காரர்கள் ஜெபம் என்று நினைத்து நெகிழ்ந்துபோவார்கள். ஜெபமாவது! எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் காசுகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாமன்னர் 1916இல் இறந்துபோனார். அவர் தலையை அச்சிட்ட வியன்னா நாணயச் சாலைக்கு அவரை விட மனமில்லை. 1915 என்கிற அந்த ஒரே வருடத்தைப் போட்டு, அதே கன்னமீசையோடு, அதே இலைக் கிரீடத்தோடு அவரை இன்றைக்கும் அச்சடித்துக்கொண்டிருக்கிறது. வங்கி ஜன்னலில் வரிசையில் நின்று பணத்தைக் கட்டினால், போன வாரம் அடித்த 1915 உங்கள் கையில் சூடாக விழும். இதில் ரகசியம் எதுவுமில்லை. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் வேலைக்குப் போன எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். என் மனைவி கழுத்தில் ஆறு காசு உண்டு, அவையும் 1915தான். எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக் காசை நேற்றையது என்று சொன்னால் அவன் நம் வீட்டுக் காசைத் திருப்பிப் பார்ப்பான் அல்லவா?

இதன் விளைவு இன்னும் வேடிக்கை. 1915 என்று போடாத காசை எங்கள் ஊரில் காட்டிப் பாருங்கள். போலி என்பார்கள்.

இந்த மண்ணில்தான் ஷீமா கலோவிச் விளைந்தார். மக்காச்சோளம், பன்றி, பிளம் தோப்பு என்று நல்ல குடித்தனம். மனைவி கதா. இரண்டு பிள்ளைகளும் ஜெர்மனியில். ஒரே தங்கை யான்யா, வியன்னாவில் ஓர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் வேலைக்கு இருபத்தொரு வயதில் போனவள். மேலே கொடுத்த கணக்கு அவளுடையது. ஓர் அறையில் நான்கு பெண்கள் தங்கியிருந்த இடத்தில் தங்கத்தை எங்கே வைப்பாள்? லீவுக்கு வரும்போது கோட்டு விளிம்புக்குள் தைத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுப்பாள். வாங்கியவுடன் என்ன விலை, எந்த நாள் என்று அம்மாவுக்குக் கடிதமும் எழுதிவிடுவாள். அந்த அம்மாவுக்கு எழுத்து வராது. நான் அப்போது தபால் நிலையத்தில் இருந்தேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் வாசிப்பேன், அந்தப் பக்கம் நின்று அவர் அழுவார்.

வீட்டில் ஏற்கெனவே பழைய காசு ஐந்து இருந்தது. தேய்ந்து, மங்கி, மாமன்னரின் மூக்கே தெரியாமல் போனவை. 1863, 1871 என்றெல்லாம் வருடம். அவை உண்மையிலேயே முப்பாட்டன் மார்த்தின் வைத்துவிட்டுப் போனவை. அம்மா அந்த ஐந்தையும் மகள் கொண்டுவந்த இருபத்தொன்றையும் ஒரே கறுப்புப் பட்டியில் தைத்தார். பளபளப்பு முன்னால், பழசு பிடரியில், பின்னலுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல்.

1988இல் அம்மா போய்ச் சேர்ந்தார். மாலை ஷீமாவின் அலமாரியில் தங்கியது. தங்கிய பொருளுக்கு ஒரு சரித்திரம் வேண்டாமா?

முதல் வருடம் சரித்திரம் சின்னதாகத்தான் இருந்தது. முப்பாட்டன் மார்த்தின் மூன்று ஓக் மரங்களை ஒரு மர வியாபாரிக்கு விற்றார், அவன் தங்கமாகக் கொடுத்தான். அவ்வளவுதான். பிறகு 1991இல் போர் வந்தது. ஷீமா மாலையைப் பன்றிக் கொழுப்பு டின்னுக்குள் அமுக்கி, கொட்டகைக்குப் பின்னால் புதைத்து வைத்தார். மற்றவர்கள் வீட்டுத் தங்கமெல்லாம் கொள்ளை போனபோது இது போகவில்லை. அதற்கு நான் அவருக்கு முழு மதிப்பெண் தருவேன். ஆனால் மண்ணுக்கடியில் என்ன உரம் கிடைத்ததோ, டின்னைத் தோண்டி எடுத்தபோது மூன்று மரம் ஏழாகியிருந்தது. மர வியாபாரி ஒரு பிரபுவாகியிருந்தார். அடுத்த சில வருடங்களில் ஏழு மரம் ஒரு தோப்பாகி, தோப்பு குளத்துக்கு அந்தப் பக்கத்துக் காடாகி, பிரபு விலகிக்கொள்ள, மாமன்னரின் திராட்சை மது நிலவறைக்குப் பீப்பாய் செய்விக்கும் அதிகாரியே ஆறு குதிரை பூட்டிய வண்டியில் வந்து இறங்கி, முப்பாட்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு நாள் நான் பொறுக்காமல் சொன்னேன். ஆலயப் பதிவேட்டில் நானே பார்த்திருக்கிறேன், மார்த்தின் இறந்தது 1909இல்.

"அதனால என்ன போஸ்ட் மாஸ்டரே?"

"காசுல 1915ன்னு இருக்கே. செத்து ஆறு வருஷம் கழிச்சு எப்படி வாங்கினாரு?"

ஷீமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அந்தக் காலத்து ஆளுங்களுக்கு முன்யோசனை ஜாஸ்தி."

இதுதான் முப்பாட்டன்காரரின் முதல் லட்சணம். உங்கள் ஆதாரத்தை அவர் மறுக்க மாட்டார். அதையும் எடுத்துத் தன் கதையில் ஒரு செங்கலாக வைத்துவிடுவார்.

இரண்டாவது லட்சணம், சடங்கு. விருந்தாளி வந்ததும் மாலையை எடுத்துவர மாட்டார். முதலில் பிளம் சாராயம். பிறகு மிளகாய்த்தூள் போட்டுப் புகையில் தொங்கவிட்ட பன்றித் தொத்திறைச்சி, அதைக் காகிதம்போல் சீவித் தட்டில் வட்டமாக அடுக்கி. பிறகு மழை, மக்காச்சோளம், விலைவாசி. விருந்தாளி தொப்பியை எடுக்கும்போதுதான் அவருக்குத் திடீரென்று நினைவு வரும். "அட, வந்ததுதான் வந்தீங்க..." உடனே எழுந்து போய்க் கையைக் கழுவுவார். மனைவியை ஜன்னலைச் சாத்தச் சொல்வார், திருடன் வேலியோரம் காத்திருப்பதுபோல. சாவி இடுப்புக் கயிற்றில். அலமாரிக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு துணி, துணிக்குள் இன்னொரு துணி. குரல் தேவாலயத்துக் குரலாகிவிடும். "கையில வாங்கிப் பாருங்க, கனம் தெரியும்" என்பார். கையில் தர மாட்டார். "இதுக்கு விலையே கிடையாது" என்பார். அன்று காலை வானொலியில் சொன்ன தங்க விலை அவருக்கு மனப்பாடம். "இப்பல்லாம் இந்த மாதிரி அடிக்கிறதில்ல" என்பார். பாவம், அங்கே வியன்னாவில் அப்போதுதான் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

கதா இந்த நாடகத்தைப் பல வருடமாகப் பார்ப்பவள். அவர் இரண்டாவது துணியைப் பிரிக்கும்போது அவள் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விடுவாள்.

இப்படியே போயிருந்தால் ஊருக்கும் நஷ்டமில்லை. 2004 மே மாதம் யான்யா பஸ்ஸில் வந்து இறங்கினாள். கணவர் இறந்து சில வருடமாகிறது. சலவைக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள், கையில் சின்னப் பென்ஷன். மகள் தேனா வியன்னாவில் வளர்ந்தாலும் கோடைதோறும் இங்கே வந்து, திருவிழாவில் கைகோத்து ஆடிய வட்டத்தில் பக்கத்து ஊர் டாமிரின் கையைப் பிடித்தவள் பிறகு விடவில்லை. செப்டம்பரில் கல்யாணம். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைவிட மோசம், காசை இரண்டு முறை எண்ணுவார்கள். யான்யாவுக்கு அதைப் பற்றிக்கூடக் கவலையில்லை. வெந்த கையோடு தான் சேர்த்ததைத் தன் மகள் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குள் நடக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நான் அப்போது அந்தச் சமையலறையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, என் காசை எடுத்துக்கட்டுமா? இருபத்தொண்ணு. பழசு அஞ்சும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எந்தக் காசு?"

"மாலையில இருக்கே."

"அது முப்பாட்டனோடது. அதைப் பிரிக்கறதாவது!"

"நான் வியன்னாலேருந்து கொண்டாந்து அம்மா கையில குடுத்தது."

ஷீமா சிரித்தார். கோபம் இல்லை, அதுதான் விசேஷம். உண்மையாகவே நம்புகிறவரின் சிரிப்பு. "தங்கச்சி, காசுல 1915ன்னு போட்டிருக்கு. நீ 1915ல பொறந்தவளா?"

"ஷீமா, அவ எழுதின கடுதாசிய உங்கம்மாவுக்கு நான்தானே படிச்சுக் காட்டினேன்" என்றேன் நான்.

"அது வேற காசு. அதை வித்துத்தான் டிராக்டர் வாங்கினோம்."

"டிராக்டர் கூட்டுறவுக் கடன்ல வந்துது."

"அப்ப பன்னிக் கொட்டகைக்கு வித்திருப்போம்."

"கொட்டகைய எங்கப்பன் கட்டிக் குடுத்தாரு" என்றாள் கதா, அடுப்பைப் பார்த்தபடி.

"அட, ஏதோ ஒண்ணுக்கு வித்தோம்! அதுக்கெல்லாம் இப்ப கணக்கு இருக்கா? நீங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க. காசு ஒண்ணுதான் சொல்லுது. 1915."

யான்யா வாதாடவில்லை. மேசைவிரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தது. அதைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. அண்ணனோடு வழக்காடி வாங்கிய தங்கத்தைப் போட்டுக்கொண்டு எந்தப் பெண் கல்யாணத்துக்கு நடப்பாள்? அது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஷீமா எங்கள் இருவருக்கும் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினார். நல்ல மனிதர்.

பஸ் நிறுத்தம்வரை அவளோடு நடந்தேன். பாதி வழியில் கேட்டாள்.

"போஸ்ட் மாஸ்டர், அண்ணன் அந்த மரக் கதையை இப்ப எதுவரைக்கும் கொண்டாந்திருக்கு?"

"போன வாரம் காடு முழுசும் போயிடுச்சு. ஆறு குதிரை வண்டி வருது."

"முப்பாட்டன் அந்தத் தங்கத்தை யாருக்குக் குடுத்தாருன்னு சொல்லுதா?"

"இன்னும் அது வரைக்கும் வரலை."

அன்று அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "ரொம்ப நல்லது" என்றாள். எது நல்லது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை, டாமிரின் அப்பா பாவோவும் அம்மா ரேசாவும் பெண் கேட்க வந்தார்கள். யான்யாவுக்கு இங்கே வீடில்லை, கணவரும் இல்லை, ஆகவே தாய்மாமன் வீட்டில்தான் எல்லாம்; அவளும் தேனாவும் முன்னதாகவே வந்திருந்தார்கள். ஷீமா வெள்ளைச் சட்டையில் மணமகன்போல் இருந்தார். சாட்சிக்கு ஒரு கிழவன் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

சாராயம் வந்தது. தொத்திறைச்சி வந்தது. மழை வந்துபோயிற்று. பாவோ தொப்பியை எடுக்கக் கையை நீட்டினார்.

"அட, வந்ததுதான் வந்தீங்க சம்பந்தி..."

கதா எழுந்தாள். கோழிக்குத் தீனி போடப் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள்.

முதல் துணி, இரண்டாவது துணி. மாலை மேசைமேல் விரிந்தது. பாவோ விசிலடித்தார், ரேசா சிலுவை போட்டுக்கொண்டாள். ஷீமா தொடங்கினார். ஐயா, இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. காடு இருந்தது, காட்டில் பனி இருந்தது, வண்டியில் எட்டுக் குதிரைகள், அதில் ஒன்று வெள்ளை. அதிகாரி இறங்கி, மரத்தைத் தட்டிப் பார்த்து, "இந்த மரத்துப் பீப்பாயில ஊத்தின மதுவைத்தான் மாமன்னர் குடிப்பாரு" என்றார். முப்பாட்டன் காகிதப் பணத்தை வாங்க மறுத்தார். அதிகாரி தன் இடுப்புப் பையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். "இதே மேசை" என்றார் ஷீமா. அந்த மேசை எங்கள் தச்சர் 1982இல் செய்தது. நான் தலையை ஆட்டினேன். நீங்களும் ஆட்டியிருப்பீர்கள்.

கதை முடிந்தது. அப்போது யான்யா மெதுவாக, ஒரு குழந்தை கேட்பதுபோல் கேட்டாள்.

"அண்ணே, முக்கியமான இடத்தை விட்டுட்டீங்களே. முப்பாட்டன் அதை யாருக்குக் குடுத்தாரு?"

முப்பாட்டன்காரரின் மூன்றாவது லட்சணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். கதையில் ஒரு வெற்றிடம் காட்டினால் அவரால் சும்மா இருக்க முடியாது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல் தேடிப் போவார். ஷீமாவின் கண் மின்னியது. ரேசாவின் முகத்தைப் பார்த்தார். பெண்பிள்ளை கேட்கிற கதைக்கு எப்படி முடிவு வைத்தால் கண்ணீர் வரும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டுமா?

"யாருக்கா? அவருக்கு ஒரே பொண்ணு. கல்யாணத்தன்னிக்குக் காலையில கூப்பிட்டாரு. 'அம்மாடி, நிலத்தைப் பசங்க எடுத்துக்கட்டும். இந்தப் பொன்னு பொண்ணு வழியிலதான் போவணும். உங்கிட்டேருந்து உன் பொண்ணுக்கு, அவகிட்டேருந்து அவ பொண்ணுக்கு. எந்த ஆம்பளையும் இதுல கை வைக்கக் கூடாது'ன்னு சொல்லித் தன் கையால கழுத்துல போட்டாரு."

ரேசா தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவோ தொப்பியைக் கீழே வைத்தார். மக்காச்சோள வியாபாரி, கணக்கு தெரிந்தவர், ஆனால் நல்லவர். அவர் அடுத்து கேட்டது வெறும் மரியாதைக்குத்தான்.

"ரொம்பப் பெரிய மனுஷன். அப்ப சம்பந்தி, இது உங்கம்மாகிட்டேருந்து யான்யாவுக்கு... யான்யாகிட்டேருந்து நம்ம தேனாவுக்கு. இல்லையா?"

சமையலறையில் சூப் கொதிக்கும் சத்தம் கேட்டது. ஷீமாவின் வாய் திறந்திருந்தது. தன் கையாலேயே வேலி அடித்து, தானே உள்ளே நிற்பதை அப்போதுதான் பார்த்தார். யான்யா அவரைப் பார்க்கவில்லை. சுருக்கமே இல்லாத மேசைவிரிப்பை நீவிக்கொண்டிருந்தாள். அவர் மட்டும் அப்போது "இல்லை" என்றிருந்தால் மாலை போயிற்று, மகள் வெறும் கழுத்தோடு நடப்பாள், அண்ணன் உறவும் போயிற்று.

கதவிலிருந்து கதாவின் குரல் வந்தது. "அதுக்காகத்தானே இவரு போர்ல அதைக் கட்டிக் காத்தாரு. பன்னிக் கொழுப்பு டின்னுல போட்டு. இல்லேன்னா ஆம்பளைக்கு எதுக்கு நகை?"

இந்த இடத்தில் சாதாரண மனிதனாக இருந்தால் முகம் சுருங்கி உட்கார்ந்திருப்பான். முப்பாட்டன்காரருக்கு ஒரே ஒரு வழி உண்டு. கதையை இன்னும் பெரிதாக்குவது.

ஷீமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அதத்தான் சொல்ல வந்தேன்! யாரு என்னைப் பேச விட்டா? தேனா, இங்க வாம்மா."

தேனா வந்து குனிந்தாள். அவர் மாலையை இரண்டு கையாலும் தூக்கி அவள் கழுத்தில் போட்டார். பிடரியில் பட்டியைக் கட்டும்போது அவர் விரல் முடிச்சில் சிக்கிக்கொண்டது, நேரமாயிற்று, அவர் மூக்கை உறிஞ்சினார். "மாமா, கனமா இருக்கு" என்றாள் அவள். "இருக்காதா பின்ன!" என்றார், குரல் உடைந்து. "ஒரு காடு இல்ல அது!"

அந்த அழுகையில் பொய் இல்லை. அந்தக் காட்டில் அவர் பதினாறு வருடம் வாழ்ந்திருந்தார்.

கல்யாணம் செப்டம்பர் 18, சனிக்கிழமை. தேனா எங்கள் ஊர்த் தேவாலயத்துக்கு நடந்து வந்தபோது இரண்டு ஊர்ப் பெரியவர்களின் உதடுகளும் அசைந்தன. இருபத்தொன்று. எனக்கு எண்ண வேண்டிய தேவை இல்லை, ஆனாலும் எண்ணினேன். யான்யா தன் இஸ்திரிக்காரக் கையால் தைத்த புதிய பட்டி, ஒரு சுருக்கமில்லை. வாசலில் ரேசா தன் உறவுக்காரப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. பத்துக் குதிரையாம். இரண்டு வெள்ளையாம். இந்த ரகம் எங்கள் ஊர் எல்லையைத் தாண்டிப் பக்கத்து ஊரிலும் முளைத்துவிட்டது.

யான்யா என் பக்கத்தில் வந்து நின்றாள். "பாத்தீங்களா போஸ்ட் மாஸ்டர்? நான் இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பெல்லாம் ஓக் மரமாயிடுச்சு."

"வருத்தமா இருக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் வெளியூர்ப் பெண்மணி ஒருத்தி குறுக்கே வந்து, "ரொம்பப் பழைய காசுங்களா அம்மா?" என்று கேட்டாள்.

"எங்க முப்பாட்டன் காலத்தது" என்றாள் யான்யா, கண் இமைக்காமல்.

நான் அவளைப் பார்த்தேன். "என்னைப் பாக்காதீங்க" என்றாள். "கல்யாணத்தன்னிக்கு யாராவது அழுக்குத் துணியைப் பத்திப் பேசுவாங்களா?"

பழைய ஐந்து காசுகளையும் அவள் கல்யாணத்துக்கு முதல் நாளே பிரித்து, ஒரு கைக்குட்டையில் முடிந்து அண்ணன் கையில் கொடுத்திருந்தாள். "இது உண்மையிலயே முப்பாட்டனோடது, அண்ணே. இது இந்த வீட்டுலயே இருக்கட்டும்." மனிதர் மகிழ்ந்திருக்க வேண்டும் இல்லையா? இத்தனை வருடம் தேடிய முப்பாட்டன் கைக்குட்டையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் என்னிடம் கொண்டுவந்து காட்டிப் புலம்பினார்.

"இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? யாருகிட்ட காட்டறது? மூக்கே இல்ல. 1871ன்னு போட்டிருக்கு. 1871ன்னா எவன் நம்புவான்?"

அக்டோபர் முழுவதும் அவர் வீட்டுக்கு யார் போனாலும் சாராயம் உண்டு, தொத்திறைச்சி உண்டு, மழை உண்டு. விருந்தாளி தொப்பியை எடுத்தால் ஷீமாவும் எழுந்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிடுவார். கதா என் மனைவியிடம் கவலைப்பட்டாளாம். "ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டாவது தட்டு கேக்கறதில்ல. அந்தப் பாழாப்போன காட்டையாவது திருப்பிக் குடுத்தா தேவலை."

பிறகு ஒரு நாள் காலை என் வீட்டு வாசலில் மிதிவண்டி மணி. ஷீமா. கன்னம் சிவந்து, தொப்பி கோணலாக. உள்ளே வந்து கையைக் கழுவினார். என் ஜன்னலை அவரே சாத்தினார். சட்டைக்குள்ளிருந்து ஒரு துணி, துணிக்குள் இன்னொரு துணி. உள்ளே ஒரு பெரிய காசு. மாமன்னரின் மூக்கு, மீசை, ஒவ்வொரு இலையும் கூராக. அப்படியொரு பளபளப்பு.

"கொழுப்பு டின்னைக் கழுவலாம்னு எடுத்தேன் போஸ்ட் மாஸ்டரே. அடியில ஒட்டிக்கிட்டு இருந்துது. முப்பாட்டனோடது. பாருங்க, 1915!"

"அடடா" என்றேன்.

"கையில வாங்கிப் பாருங்க, கனம் தெரியும்" என்றார். தரவில்லை.

அவர் மேல்சட்டைப் பையிலிருந்து பதிவுத் தபால் உறை ஒன்று பாதி நீட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்திரியத் தபால்தலை, யான்யாவின் கையெழுத்து. தபால் நிலையத்தில் இருந்தவன் கண் எங்கே போகும்? முத்திரைக்குத்தான் போனது. சாராயம் எடுத்து வந்தேன். அவர் காடு, பனி, குதிரை என்று தொடங்கினார். நான் கடைசிவரை கேட்டேன்.

நீங்கள் இப்போது ஷீமாவைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். நீங்கள் விருந்தாளி முன் எடுத்து வைக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்துகிற ஏதோ ஒன்று அங்கே இருக்கும், மோதிரமோ, கடிகாரமோ, வெறும் ஒரு கரண்டியோ. அதை உங்கள் குடும்பத்தில் யார், எந்த வேலை செய்து, எந்தக் கை வெந்து வாங்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? அல்லது நீங்களும் அவர்களைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டுக் குதிரைகளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்களா? எனக்குச் சொல்ல வேண்டாம். நான் குறித்து வைத்துக்கொள்வேன்.

ஷீமாவைக் கேட்டால் அந்தக் காசு வந்தது முப்பாட்டன் காலத்தில். உறை வந்தது 2004 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை.